வகுப்பில் பிள்ளைகள் வாய் திறக்க: எல்லையோரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"டீச்சர், எனக்குக் கொஞ்சம் சம்சாரிக்கணும்."

எட்டாம் வகுப்பில் ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் எழுந்து நின்று சொன்ன முதல் வாக்கியம் இது. வீட்டில் தமிழ், ஆனால் ஏழாவது வரை மலையாள மீடியம். மலையாளத்தில் சம்சாரிப்பது என்றால் பேசுவது. தமிழில் சம்சாரம் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. மறைப்பானேன், நானும் சிரித்துவிட்டேன். பையன் உட்கார்ந்தான். ஓணத்துக்கு முன் வரும் முதல் பருவப் பரீட்சை முடியும் வரை தானாக எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு என்ன சொல்ல வந்தான் என்று நானும் கேட்கவில்லை.

நான் சமூக அறிவியல் எடுக்கிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழ் மீடியம் டிவிஷன். இந்தப் பக்கம் வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், அந்தப் பக்கம் கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. பிள்ளைகள் வீட்டில் கொங்குத் தமிழும் பஸ்ஸில் மலையாளமும் பேசுகிறார்கள். வகுப்பில் எதுவும் பேசுவதில்லை.

"இவங்களுக்குச் சொந்தமா ஒரு அபிப்பிராயமும் கிடையாது" என்று ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்கலாம். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். பஸ் கண்டக்டரிலிருந்து முதலமைச்சர் வரை யாரையும் விட்டுவைக்க மாட்டார்கள். வகுப்புக்குள் வந்ததும் மனக்கணக்கு தொடங்கிவிடுகிறது: எந்த மொழியில் சொல்வது, யார் சிரிப்பார்கள், டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும். கணக்கு முடிவதற்குள் கேள்வி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறது. அந்தக் கணக்கைப் பிள்ளைக்கு எப்படிச் சுலபமாக்குவது என்பதுதான் கீழே உள்ள படிகள் எல்லாமே.

முதல் படி: ஒரு வாரம் எண்ணுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஒரு தாளில் பெஞ்சுகளை வரைந்துகொள்ளுங்கள். யார் வாய் திறந்தாலும் அவர் இடத்தில் ஒரு புள்ளி. கேட்டதற்குப் பதில் சொன்னால் வெறும் புள்ளி. தானாக ஒன்றைச் சொன்னாலோ கேட்டாலோ அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். பாடம் எடுத்துக்கொண்டே இதைச் செய்ய முடியவில்லையா, கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒன்றிடம் தாளைக் கொடுங்கள். அவ்வளவு கவனமாக அது வேறு எந்த வேலையும் செய்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

என் தாளைப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. புள்ளிகளில் பாதிக்கு மேல் ஐந்து பிள்ளைகளுடையவை. ஐந்து பேரும் என் இடப்பக்கம். போர்டில் எழுதிவிட்டு நான் திரும்புகிற பக்கம் அதுதான். வலப்பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்த இரண்டு வரிசைக்கு ஒரு வாரத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் நான் நிற்கிற இடத்தை மாற்றவேண்டி இருந்தது.

இரண்டாம் படி: மூன்று வினாடி

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். சராசரியாக ஒரு வினாடிதான் வந்தது. அதை மூன்று வினாடியோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன, காரணம் சொல்வது கூடியது, "தெரியாது" என்ற பதில் குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். 1970களில் வெளிவந்த ஆய்வு இது. செலவில்லாத காரியம், ஆனாலும் இன்னும் நம்மில் பலருக்குக் கைவரவில்லை.

மூன்று வினாடி என்பது கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். முப்பது பிள்ளைகள் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மூன்று நிமிஷம் போலத் தோன்றும். எனக்கு உதவிய உபாயம்: கேள்வியைப் போர்டில் எழுதிவிட்டு, பின்பக்க ஜன்னல் வரை நடந்து போய், அதன் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்புவேன். வாய் சும்மா இருக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

காத்திருக்க வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. பலரும் விட்டுவிடுவது அதைத்தான். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் மூன்று வினாடி. "வெரி குட்" என்று நாம் உடனே பாய்ந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. சரியான பதில் வந்துவிட்டது, இனி நான் எதற்கு என்று மற்றவர்கள் நோட்டைத் திறப்பார்கள். பேசாமல் நின்று பாருங்கள், பாதி நேரம் அதே பிள்ளை "ஆனா டீச்சர்..." என்று தொடரும். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதன் சொந்தச் சரக்கு.

மூன்றாம் படி: முதலில் தாள், அப்புறம் பக்கத்தில் இருப்பவர், அப்புறம் வகுப்பு

யோசி, இணை, பகிர் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை. பயிற்சியில் கைதட்டிவிட்டு வந்து யோசிக்கும் பகுதியைத்தான் முதலில் வெட்டிவிடுகிறோம், நேரமில்லை என்று.

அரைத் தாள் கொடுங்கள். இரண்டு நிமிஷம், ஒரு வரி, பெயர் வேண்டாம். பிறகு பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் மட்டும் அதைச் சொல்ல இரண்டு நிமிஷம். அதன் பிறகே பொதுவில். அப்போதும் "உன் கருத்து என்ன?" என்று கேட்காமல், "உன் ஜோடி என்ன சொன்னா?" என்று கேளுங்கள். அடுத்தவர் கருத்தைச் சொல்வதில் பயம் குறைவு. தன் கருத்தை வேறொரு வாய் சபையில் சொல்லிக் கேட்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஜோடி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு கோட்டைக் காட்டி, இதே நீளமுள்ள கோடு எது என்று குழுவாக உட்கார வைத்துக் கேட்டார். குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். கண்ணெதிரே தப்பு என்று தெரிந்தும், அப்படிப்பட்ட சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒருவரும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். ஆனால் குழுவில் ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொன்னால் போதும், இந்தத் தடுமாற்றம் கால்வாசியாகக் குறைந்துவிட்டது. அரைத் தாளை நான் ஜோடியிடம் காட்டச் சொல்வது அந்த ஒரு ஆளை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கத்தான்.

நான்காம் படி: வாயில் வருகிற மொழியில் வரட்டும்

எல்லையோரத்தில் மற்ற படிகளையெல்லாம் விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

தனியார் பஸ்ஸில் மாணவர் கன்சஷன் கட்டணத்தைக் கூட்ட வேண்டும் என்று பஸ் உரிமையாளர்கள் கேட்பது நியாயமா என்று ஒருநாள் கேட்டேன். டீசல் விலை, கண்டக்டர் முறைப்பது, ஸ்டாப்பில் நிற்காமல் போவது என்று பேச்சு ஓடியது. சுவரோர வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "அது சரியாவில்ல டீச்சர். பாவங்கள் எந்து செய்யும்?"

மலையாளத்தில் பாவங்கள் என்றால் ஏழைகள். தமிழில் செய்யக்கூடாத காரியங்கள். அந்த இடத்தில் நான் "பாவங்கள் இல்ல கண்ணு, ஏழைகள்னு சொல்லு" என்று ஆரம்பித்திருந்தால் அவள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வகுப்பில் இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் கூலிக்காரக் குடும்பத்தைப் பற்றி நினைத்தது அவள் ஒருத்திதான். அந்த நினைப்பு அதோடு போயிருக்கும்.

ஆகவே விதி இது: கருத்துச் சுற்றில் மொழித் திருத்தம் கிடையாது. ஆசிரியரும் திருத்தக்கூடாது, பிள்ளைகளும் திருத்தக்கூடாது. புரியவில்லை என்றால் "அப்படின்னா?" என்று கேட்கலாம். சுற்று முடிந்ததும் அதே கருத்தை நோட்டில் நல்ல தமிழில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். திருத்தத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். சொல்ல ஒரு விஷயம் இருக்கிற பிள்ளை சொல்லுக்காகத் தேடும். விஷயமே இல்லாத பிள்ளைக்குச் சொல்லைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

"இப்படி விட்டா தமிழ் என்னத்துக்காகும்?" என்று எங்கள் தமிழ் ஆசிரியர் கேட்டார். நியாயமான கவலைதான். சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் மொழியைக் காப்பது சும்மா இல்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. மாநிலங்கள் பிரிந்த 1956இல், இப்படிக் கோட்டுக்கு அப்புறம் மாட்டிக்கொண்டவர்களை நினைத்துச் சேர்த்த பிரிவு. அவரோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வகுப்புச் சுவரில் ஒரு சார்ட். இரண்டு மொழியிலும் இருந்து இரண்டு அர்த்தம் தரும் சொற்கள் அதில் ஏறும். பனி: அங்கே, மலையாளத்தில், காய்ச்சல்; இங்கே, தமிழில், மார்கழிக் காலையில் விழுவது. பட்டி: அங்கே நாய், இங்கே ஊர். வெள்ளம்: அங்கே குடிப்பது, இங்கே வீட்டுக்குள் வருவது. சார்ட்டில் முதல் சொல் சம்சாரம். அதை எழுதிய அன்றே, ஜூன் மாதம் நான் சிரித்தது தப்பு என்று வகுப்பில் சொன்னேன். பையன் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆந்திரத்தில் சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் தெலுங்குக்கு நடுவே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கும் இதே சார்ட் உதவும். சொற்களைப் பிள்ளைகளே கொண்டுவந்து கொட்டுவார்கள். (அந்தச் சித்தூர் வேறு, எங்கள் சித்தூர் வேறு. தபால் மாறிப் போவது தனிக் கதை.)

ஐந்தாம் படி: சிரிப்புக்கு ஒரு வேலி

விதிகளை நீங்கள் எழுதி ஒட்டினால் இன்னொரு நோட்டீஸ் என்று கடந்து போவார்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். எங்கள் வகுப்பில் வந்தவை: பேசும்போது சிரிக்கக்கூடாது, முடித்த பிறகு வேடிக்கையாக இருந்தால் சிரிக்கலாம். ஒருத்தருடைய வீடு, சாதி, உடம்பு, அப்பா செய்கிற வேலை ஆகியவற்றைப் பேச்சில் இழுக்கக்கூடாது. எதிர்க்க வேண்டுமானால் முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி "ஆமா" வாங்க வேண்டும்.

மூன்றாவது என்னுடைய யோசனை. பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வேலை செய்கிற விதி அதுதான். "நீ சொல்றது பஸ்காரங்க எல்லாம் திருடங்கன்னு, அப்படித்தானே?" "இல்ல. கணக்கைக் காட்டட்டும்னுதான் சொன்னேன்." "சரி, கணக்கைக் காட்டணும்னு சொல்ற." "ஆமா." இவ்வளவு ஆன பிறகு எதிர்ப்பில் பாதிச் சூடு இறங்கிவிடும். சண்டை பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஓயாமல் பேசும் ஐந்து பேரை என்ன செய்வது? புளியங்கொட்டை. சுற்றுத் தொடங்கும்போது எல்லோருக்கும் இரண்டு. ஒரு முறை பேசினால் ஒன்றை டப்பாவில் போட வேண்டும். தீர்ந்துவிட்டால் கேட்கலாம், பேச முடியாது. முதல் நாள் பேச்சுக்காரர்களுக்கு மூன்று நிமிஷத்தில் கொட்டை தீர்ந்து, கை நமநமவென்று உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வாரம் யோசித்துச் செலவழித்தார்கள்.

ஆறாம் படி: கேள்வியை ஆறவைத்துத் தொடங்கி, பிறகு சூடாக்குங்கள்

எடுத்த எடுப்பில் மதம், கட்சி, அணை என்று போகாதீர்கள். "மரம் வளர்ப்பது நல்லதா?" போன்ற கேள்விகளும் வேண்டாம், அதில் மாறுபட இடமே இல்லை. பிள்ளைக்கு அனுபவம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், டீச்சர் எந்தப் பக்கம் என்று கேள்வியிலேயே தெரியக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

ஓண விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம் நான் கேட்டது: "ஓணத்துக்குப் பத்து நாள் லீவு, பொங்கலுக்கு ஒரு நாள். இது சரியா?" கேரளத்தில் பொங்கலுக்குத் தமிழர் அதிகமுள்ள ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, பாலக்காடு அதில் ஒன்று. சரியில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். பலரும் அப்படித்தான் சொன்னார்கள். மூலையிலிருந்து ஒரு குரல்: "கோயம்புத்தூர்ல ஓணத்துக்கு ஒரு நாள்தானே டீச்சர் விடுறாங்க? அங்க இருக்கற மலையாளிப் பிள்ளைங்க இதையே கேக்க மாட்டாங்களா?" ஜூன் மாதப் பையன். ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் மூன்று வினாடிக்கு மேலேயே காத்திருந்தேன்.

ஏழாம் படி: கயிறு

திறந்த மனது வேண்டும் என்று எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளுக்கு அது ஒரு நன்னெறிப் பாடம். அதைக் காலால் செய்ய வைக்க வேண்டும்.

வராந்தாவில் நீளமாக ஒரு தேங்காய்நார்க் கயிறு. ஒரு முனை "முழுக்க ஒப்புக்கொள்கிறேன்", மறுமுனை "சுத்தமாக இல்லை". கேள்வியைச் சொன்னதும் அவரவர் நம்பும் இடத்தில் நிற்க வேண்டும். நடுவிலும் நிற்கலாம். ஒருவர் பேசிய பிறகு மனது கொஞ்சம் அசைந்தால் ஒரு எட்டு நகரலாம். நகர்ந்தவரிடம் ஒரே கேள்வி: "எந்தப் பேச்சு உன்னை நகர்த்துச்சு?" ஜெயித்தது யார் என்ற பேச்சே கிடையாது. பட்டிமன்றத்தில் ஊறிய நமக்கு இது லேசில் வராது. அங்கே அணி மாறினால் துரோகம், கடைசியில் நடுவர் தீர்ப்பு வேறு சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்கு எது சூடான கேள்வி என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். இப்படித் தகவலாக உள்ளவற்றை முன்கூட்டியே போர்டில் ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். அவற்றில் வாதம் இல்லை. "தண்ணீர் குறைந்த வருஷம் யார் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்பதே கயிற்றுக்கு வரும் கேள்வி. கம்பம், குமுளி பக்கத்து ஆசிரியர்களுக்கு முல்லைப் பெரியாறு. அங்கேயும் 1886 குத்தகை, 1895இல் முடிந்த அணை, 142 அடிக்கு அனுமதித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை போர்டில். பயமும் தாகமும் கயிற்றில்.

அன்று "தமிழ்நாடு விட்டுக்கொடுக்கணும்" என்ற முனையில் விறைப்பாக நின்ற பெண்ணின் அப்பாவுக்கு மூலத்தறைக் கால்வாயின் கடைமடையில் தோட்டம். எதிர்முனையில் நின்றவள் சொன்னாள்: "எங்க மாமனுக்கு ஆனைமலைல தோப்புங் டீச்சர். போன கோடையில போர்ல தண்ணி இல்லாம அறுபது தென்னை காஞ்சு போச்சுங். மாமன் ராத்திரியெல்லாம் தூங்கல." கடைமடைப் பெண் அரை எட்டு நகர்ந்தாள். அரை எட்டுதான். என்ன நகர்த்தியது என்று கேட்டேன். "எங்க அப்பனும் தூங்கலீங்," என்றாள்.

நீங்களும் கயிற்றில் நில்லுங்கள், ஆனால் கடைசியில் போய் நில்லுங்கள். வருஷத்தில் இரண்டு மூன்று முறையாவது உண்மையாகவே ஒரு எட்டு நகருங்கள். பொய்யாக நகர்ந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடையில் வரும் தொல்லைகள்

சத்தம் வரும். ஹெச்.எம். எட்டிப் பார்ப்பார். பயமும் பதற்றமும் இல்லாமல் குழந்தை தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவ வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவிலேயே இருக்கிறது, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு. அதை ஒரு தாளில் எழுதி லெசன் பிளானில் வைத்திருக்கிறேன். இதுவரை வெளியே எடுக்க வேண்டி வரவில்லை. இருக்கிறது என்பதே ஒரு தெம்பு.

பெற்றோர் வருவார்கள், "பொண்ணு வீட்ல எதிர்த்துப் பேசுறா" என்று. கிளாஸ் பி.டி.ஏ. கூட்டத்தில் அவர்களையும் கயிற்றில் நிற்க வையுங்கள், செல்போன் கேள்வியை வைத்து. ஒரு தந்தை மனைவிக்கு எதிர்முனையில் போய் நின்றுகொண்டு வீட்டில் என்ன ஆகுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புகார் வரவில்லை.

சி.இ. மார்க்கை, அதாவது தொடர் மதிப்பீட்டு மார்க்கை, இதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். கருத்துக்கு மார்க் என்றால் டீச்சருக்குப் பிடித்த கருத்துதான் வரும். காரணம் சொன்னதற்கு, அடுத்தவர் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொன்னதற்கு வேண்டுமானால் பாராட்டுங்கள், அதுவும் வாயால்.

கட்சிப் பேச்சு வந்தால் "கட்சி பேரை எடுத்துட்டு அதையே சொல்லு" என்று கேளுங்கள். யாரையாவது குத்தும் சாதிப் பேச்சு வந்தால் சுற்றை அங்கேயே நிறுத்துங்கள். அதை இன்னொரு கருத்து என்று உட்கார வைத்துக்கொள்ளக்கூடாது. குத்துப்பட்ட பிள்ளையிடம் அன்றே தனியாகப் பேசுங்கள்.

எவ்வளவு செய்தாலும் பேசாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அதன் அரைத் தாளைப் படித்தால் போதும். எழுதுகிறதென்றால் கேட்டுக்கொண்டிருக்கிறது, விடுங்கள். மூன்று மாதம் கழித்துப் புள்ளித் தாளை மறுபடி எடுங்கள். எனக்கு வலப்பக்கச் சுவரோரம் வட்டங்கள் வந்திருந்தன. இடப்பக்கத்து ஐவரில் ஒருவன் வெகுவாகக் குறைந்திருந்தான். கோபமா என்று கேட்டேன். "மத்தவங்க சொல்றது நல்லா இருக்குதுங் டீச்சர்" என்றான்.

போன மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்வைக்கு வந்தார், நம்ம பக்கத்துத் தமிழர். பிள்ளைகள் எல்லோரும் வராந்தாவில் கயிற்றோரம் நின்றுகொண்டிருந்தார்கள். "இப்ப என்ன பீரியட்?" என்று கேட்டார்.

"சம்சாரமுங் சார்," என்றார்கள் ஒரே குரலில்.

அவர் என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது அந்தப் பையன்தான்.